ஆற்று நீர் அளவீடுகளுக்கு போஸ்ட்கிரெஸ்: பிறையிலிருந்து ஒரு பயனரின் மதிப்புரை

இந்த மதிப்புரை போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளைப் பற்றியது. கூடவே அதன் வரைபடத் துணைக்கருவியான போஸ்ட்ஜிஐஎஸ் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். இரண்டும் இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். பினாங்கின் பெருநிலப் பக்கம், பிறையில், ஆற்று நீர், ஆலைக் கழிவுநீர், காற்று இவற்றை அளந்து அறிக்கை தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வேதியியல் படித்து லேப்பில் தொடங்கியவள். இப்போது அளவீட்டுத் தரவு முழுக்க என் பொறுப்பில் இருக்கிறது. புரோகிராமர் ஒருவர் எழுதினால் வேகம், நினைவகம் என்று வேறு விஷயங்களைப் பேசுவார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மூன்று வருடம் கழித்து ஒருவர் வந்து "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், என்னால் பதில் சொல்ல முடியுமா?

முடியும். அதனால்தான் எழுதுகிறேன். தப்பான எண்ணை இந்த மென்பொருள் வாசலிலேயே தடுத்து நிறுத்தும். ஆனால் எது தப்பு என்று நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். அந்த வேலை பெரியது. மென்பொருளை நிறுவ ஒரு மதியம் போதும், அட்டவணைகளை யோசித்து வரைவதற்குத்தான் நிறைய நேரம் ஆகும்.

எக்செல் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. மாதம் ஒரு முறை கையால் சேம்பிள் எடுத்துப் பத்துப் பன்னிரண்டு பாராமீட்டர் (அளக்கும் பொருள் அல்லது பண்பு) பார்க்கும் வேலைக்கு அது தாராளமாகப் போதும். ஆற்றில் புரோப்பை (நீரில் மூழ்கி அளக்கும் உணரியை) நிரந்தரமாக இறக்கி 15 நிமிடத்துக்கு ஒரு தடவை அளக்க ஆரம்பித்தால் கணக்கு மாறிவிடும். ஒரு நிலையத்தில் 10 பாராமீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 960 எண்கள். 12 நிலையங்களுக்கு 11,520. எக்செல் ஒரு தாளில் தாங்குவது 1,048,576 வரிகள். வரிக்கு ஓர் எண் என்று வைத்தால் மூன்று மாதத்தில் தாள் நிரம்பிவிடும். அக்செஸ் தரவுத்தளக் கோப்புக்கும் 2 ஜிபி என்ற வரம்பு இருக்கிறது. அதே 12 நிலையங்களின் ஒரு வருடத் தரவு ஏறக்குறைய 42 லட்சம் வரிகள் வரும். போஸ்ட்கிரெஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, சாதாரண அலுவலகக் கணினியிலேயே ஓடுகிறது. இந்த அளவுக்கு, நேரவரிசைத் தரவுக்கான டைம்ஸ்கேல் மாதிரி கூடுதல் துணைக்கருவிகள் கூடத் தேவைப்படவில்லை.

இதற்கு முன்னால் நாங்கள் பயன்படுத்தியது ஒரு விற்பனையாளர் தந்த தயார்நிலை மென்பொருள். பெயர் வேண்டாம். திரை அழகாக இருந்தது, உள்ளே அமைப்பு சரியில்லை. பிஎச்சுக்கு (அமில காரத்தன்மைக்கு) ஒரு நெடுவரிசை, பிஓடிக்கு (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனுக்கு) ஒரு நெடுவரிசை, ஈயத்துக்கு ஒன்று, பாதரசத்துக்கு ஒன்று என்று அகலமாகப் போகும். ஓர் ஆலை புதிதாக மாங்கனீஸும் பார்க்கச் சொன்னால் நெடுவரிசை சேர்க்க விற்பனையாளரிடம் போய் நிற்க வேண்டும். குவட்டேஷன் வரும், பாஸ் கையெழுத்துப் போடுவார், வாரக்கணக்கில் காத்திருப்போம். அதுவரை மாங்கனீஸ் எண்கள் யாரோ ஒருவரின் எக்செல் கோப்பில் கிடக்கும்.

புதிய தரவுத்தளத்தில் முதல் முடிவே இதைத் திருப்பிப் போடுவதுதான். ஓர் அளவீடு, ஒரு வரி. நிலையங்களுக்கு ஓர் அட்டவணை, சேம்பிள் எடுத்த நிகழ்வுகளுக்கு ஓர் அட்டவணை, பாராமீட்டர்களுக்கு ஒன்று, சோதனை முறைகளுக்கு ஒன்று, எல்லாவற்றையும் கோக்கும் முடிவுகள் அட்டவணை ஒன்று. உதாரணத்துக்கு முடிவுகள் அட்டவணையில் ஒரு வரியைப் படித்தால் இப்படி வரும்: ஜூரு ஆறு, பாலத்தடி நிலையம், காலை 9.40 மணி, அரை மீட்டர் ஆழம், கடல் இறக்கம், அம்மோனியா நைட்ரஜன், 2.31, மி.கி./லி., இன்ன முறை, இன்ன லேப், இன்னார் சரிபார்த்தது. மாங்கனீஸ் வந்தால் பாராமீட்டர் அட்டவணையில் ஒரே ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. அறிக்கைக்கு அகலமான அட்டவணை வேண்டும் என்றால் அதை ஒரு வியூவாக, அதாவது கேட்கும்போது உருவாகும் காட்சி அட்டவணையாக, எழுதிக்கொள்ளலாம். பாஸ் பார்ப்பது அகலம், உள்ளே இருப்பது நீளம்.

கடல் ஏற்றம் இறக்கம் ஏன் என்று கேட்பவர்களுக்கு: ஜூரு ஆற்றின் கீழ்ப்பகுதியிலும், தீவில் ஜார்ஜ்டவுனுக்குள் ஓடும் பினாங்கு ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் கடல் ஏறி இறங்கும். ஏற்றத்தில் எடுத்த சேம்பிளையும் இறக்கத்தில் எடுத்த சேம்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஆறு தேறிவிட்டது" என்று எழுதுவது பெரிய தப்பு. வெளியிலிருந்து வாங்கும் தயார்நிலை மென்பொருளில் இந்த ஒரு கட்டம் பெரும்பாலும் தானாக வராது. நாமே கட்டினால் வரும்.

அலகு விஷயம் இன்னும் முக்கியம். நைட்ரேட்டை ஒரு லேப் நைட்ரஜனாகக் கணக்கிட்டுத் தரும், இன்னொரு லேப் நைட்ரேட்டாகவே தரும். இரண்டிலும் மி.கி./லி. என்றுதான் அச்சாகியிருக்கும். முதல் வகையில் 10 என்றால் இரண்டாம் வகையில் 44.3. நான்கு மடங்குக்கும் மேல் வித்தியாசம், அலகு மட்டும் ஒன்று. அதனால் எங்கள் பாராமீட்டர் அட்டவணையில் இவை இரண்டும் வெவ்வேறு பாராமீட்டர்கள். "நைட்ரேட்" என்று மட்டும் எழுதி உள்ளே அனுப்பினால் போஸ்ட்கிரெஸ் திருப்பி அனுப்பிவிடும், அப்படி ஒரு பாராமீட்டரே அதில் கிடையாது.

லேப் முடிவுகளில் வரும் "<" என்ற குறிக்கு வருவோம். பாதரசம் "<0.001" என்று லேப் எழுதினால், அந்த முறையால் கண்டுபிடிக்கக்கூடிய வரம்புக்குக் கீழே என்று அர்த்தம். பழைய மென்பொருள் அந்தக் குறியைப் பார்த்தால் எண்ணே இல்லை என்று பூஜ்யம் போட்டுவிடும். எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு சராசரியிலிருந்து சத்தமில்லாமல் விட்டுவிடும். முதலாவது ஆற்றைச் சுத்தமாகக் காட்டும், இரண்டாவது அழுக்காகக் காட்டும். நாங்கள் எண்ணுக்கு ஒரு கட்டம், குறிக்கு ஒரு கட்டம், கண்டறியும் வரம்புக்கு ஒரு கட்டம் என்று பிரித்தோம். எண் காலியாக இருந்தால் காரணக் கட்டம் கட்டாயம் நிரப்பப்பட வேண்டும் என்று ஒரு செக் விதி (வரி உள்ளே வருமுன் சோதிக்கும் நிபந்தனை) போட்டோம். சேம்பிள் எடுக்கவில்லை, எடுத்தோம் ஆனால் பாட்டில் உடைந்தது, லேப் நேரம் கடந்துவிட்டதால் நிராகரித்தது. இவை எல்லாம் வேறு வேறு சேதிகள், ஒரே வெற்றிடமாக இருக்கக்கூடாது. சராசரி எடுக்கும்போது "<" வரிகளை எப்படி நடத்துவது என்பதைக் கணக்கு போடும் ஆள் வெளிப்படையாக எழுத வேண்டும். முடிவை மென்பொருள் தானாக எடுப்பதை நான் விரும்பவில்லை.

நேரம். இதில்தான் போஸ்ட்கிரெஸ் என் மனதை முழுசாகப் பிடித்தது. பழைய மென்பொருள் வெளிநாட்டில் எங்கோ ஒரு சர்வரில் ஓடியது. அந்த சர்வரின் கடிகாரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில். ஆற்றங்கரை லாகரோ (அளவீடுகளைப் பதியும் கருவி) நம் நேரத்தில் எழுதும். லாகர் கோப்பில் நேர மண்டலம் எழுதியிருக்காது, சர்வர் அதை யுடிசி என்று எடுத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது எட்டு மணி நேரம் கூட்டிக் காட்டியது. அலுவலகத்தில் ஒரு தம்பி வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, ராத்திரி பதினொரு மணிக்கு ஆக்சிஜன் ஏறுதே, ஆத்துல ஏதாச்சும் நடக்குதா?" ஆற்றில் ஒன்றும் நடக்கவில்லை. பாசியும் நீர்த்தாவரமும் வெயிலில்தான் ஆக்சிஜன் விடும். கரைந்த ஆக்சிஜன் பிற்பகலில் உச்சத்துக்குப் போய், இரவெல்லாம் இறங்கி, விடிகாலையில் அடிமட்டத்தைத் தொடும். பிற்பகல் மூன்று மணி உச்சம் இரவு பதினொன்றில் நின்றால் கடிகாரம்தான் தப்பு. விற்பனையாளரிடம் சொன்னதற்கு "புரோப்பைச் சுத்தம் செய்து பாருங்கள்" என்று பதில் வந்தது.

போஸ்ட்கிரெஸில் நேர மண்டலத்தோடு கூடிய நேர வகை ஒன்று உண்டு. உள்ளே யுடிசியில் வைத்துக்கொண்டு, கேட்பவரின் மண்டலத்துக்கு மாற்றிக் காட்டும். தரவை ஏற்றும்போது "ஆசியா/கோலாலம்பூர்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: எழுதியவர் எந்த மண்டலத்தில் எழுதினார் என்பதை அது நினைவில் வைப்பதில்லை, மாற்றிய பிறகு மறந்துவிடும். எனவே லாகர் எழுதிய மூல நேரத்தை எழுத்தாகவே இன்னொரு கட்டத்தில் வைத்திருக்கிறோம்.

அப்புறம் பழைய மழை அளவுப் பதிவுகள். ஒரு வெள்ளத் தடுப்பு வேலைக்காக எழுபதுகளின் பதிவுகளைத் தட்டச்சு செய்து ஏற்றினோம். 1982 ஜனவரி 1-க்கு முன்னால் தீபகற்ப மலேசியாவின் நேரம் யுடிசியிலிருந்து ஏழரை மணி நேரம்தான் முந்தியிருந்தது. அன்றைக்குத்தான் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி எட்டு மணி ஆக்கினார்கள். போஸ்ட்கிரெஸுக்கு அது தெரிந்திருக்கிறது! 1981 டிசம்பர் 31 காலை 8 மணி என்று கொடுத்தால் பக்கத்திலேயே +07:30 என்று காட்டும், மறுநாளுக்கு +08. எட்டு மணி நேரத்தைக் கையால் கூட்டிக் கழித்திருந்தால் அந்தக் காலப் பதிவு முழுக்க அரை மணி பிசகியிருக்கும். மணிக்கு மணி மழையையும் ஆற்று மட்டத்தையும் ஒப்பிடும் வேலையில் அரை மணி சின்ன விஷயம் இல்லை.

நீர்த் தரக் குறியீட்டையும் சொல்ல வேண்டும், நம் நாட்டில் ஆற்று வேலை செய்யும் யாருக்கும் அது தவிர்க்க முடியாதது. ஆறு பாராமீட்டர்களின் துணைக் குறியீடுகளை எடை போட்டுக் கூட்டுவார்கள்: கரைந்த ஆக்சிஜனுக்கு 0.22, பிஓடிக்கு 0.19, சிஓடிக்கு (வேதிமுறையில் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனுக்கு) 0.16, நீரில் மிதக்கும் திடத் துகள்களுக்கு 0.16, அம்மோனியா நைட்ரஜனுக்கு 0.15, பிஎச்சுக்கு 0.12. மொத்தம் 81 அல்லது அதற்கு மேல் வந்தால் சுத்தம், 60 முதல் 80 வரை ஓரளவு மாசு, அதற்குக் கீழே மாசடைந்த ஆறு. இதில் ஆக்சிஜனைச் செறிவு விழுக்காடாகத்தான் (அந்தச் சூட்டில் நீர் தாங்கும் முழு அளவில் எத்தனை விழுக்காடு என்று) சூத்திரத்தில் போட வேண்டும். புரோப் காட்டுவதோ பெரும்பாலும் மி.கி./லி. நம் ஊர் ஆற்று நீர் 28 பாகை சூட்டில் இருந்தால் முழுச் செறிவு ஏறத்தாழ 7.8 மி.கி./லி. ஆக 4 மி.கி. என்பது சுமார் 51 விழுக்காடு, துணைக் குறியீடும் ஏறக்குறைய 51 வரும். அந்த 4-ஐ விழுக்காடு என்று நினைத்து அப்படியே போட்டால்? சூத்திரத்தில் 8 விழுக்காட்டுக்குக் கீழே எல்லாம் பூஜ்யம். 51-க்குப் பதில் பூஜ்யம். 0.22 எடையோடு பெருக்கினால் மொத்தத்தில் 11 புள்ளி காணாமல் போகும். 62 எடுத்து ஓரளவு மாசு என்று வர வேண்டிய ஆறு, 51 எடுத்து மாசடைந்த ஆறு என்று அறிக்கையில் ஏறிவிடும். கணக்கில் எந்தப் பிழைச் செய்தியும் வராது, எண்கள் எல்லாம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும்.

அதனால் மி.கி. ஆக்சிஜனும் விழுக்காட்டு ஆக்சிஜனும் எங்களிடம் தனித்தனிப் பாராமீட்டர்கள். குறியீட்டைக் கணக்கிடும் வியூ விழுக்காட்டை மட்டும்தான் எடுக்கும். அது இல்லாத சேம்பிளுக்குக் குறியீடே வராது, காலியாக நிற்கும். வந்த புதிதில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். "அக்கா, ஒரு எண்ணையாவது காட்டச் சொல்லுங்களேன்" என்றான் அதே தம்பி. இல்லாத எண்ணைக் காட்டுவதைவிடக் காலியிடம் மேல் என்று நான் அசையவில்லை. இப்போது களத்துக்குப் போகிறவர்கள் இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு வருகிறார்கள்.

இடத்தைப் பொறுத்தவரை போஸ்ட்ஜிஐஎஸ்தான் துணை. பழைய அறிக்கைகளில் நிலையங்களின் ஆயங்கள் கெர்த்தாவ் என்ற பழைய நில அளவை முறையில் இருக்கும். கைப்பேசி தருவது டபிள்யூஜிஎஸ் 84. நில அளவைத் துறையின் இன்றைய முறை ஜிடிஎம் 2000. பழைய அட்சரேகை தீர்க்கரேகையை எந்த மாற்றமும் செய்யாமல் இன்றைய வரைபடத்தில் குத்தினால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். ஆற்றங்கரை ஆலை ஒன்றின் கழிவுநீர்க் குழாய்க்கு மேலே சேம்பிள் எடுத்ததா, கீழே எடுத்ததா என்பது அந்த நூறு மீட்டரில்தான் இருக்கிறது. போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் ஒவ்வொரு புள்ளியும் தன் முறையின் எண்ணைக் கூடவே சுமக்கிறது. ஜிடிஎம் 2000-இன் தீபகற்பத் தள ஆயமுறையான ஆர்எஸ்ஓவுக்கு 3375, டபிள்யூஜிஎஸ் 84-க்கு 4326. இரண்டு முறைப் புள்ளிகளைக் கலந்து தூரம் கேட்டால் கணக்குப் போடாமல் பிழை சொல்லி நின்றுவிடும். எனக்கு இந்தப் பிடிவாதம் ரொம்பப் பிடித்திருக்கிறது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை நேராக இணைத்து வரைபடம் போடலாம், அதற்கும் காசு இல்லை.

சட்ட வரம்புகளையும் தேதியோடு அட்டவணையில் வைத்திருக்கிறோம். காற்றில் பிஎம் 2.5-க்கு (2.5 மைக்ரோமீட்டர் வரையிலான நுண்துகள்களுக்கு) 24 மணி நேர வரம்பு 2015-க்கான இடைக்கால இலக்கில் கன மீட்டருக்கு 75 மைக்ரோகிராம், 2018-இல் 50, 2020-இல் 35. 2017-இல் எடுத்த 60 என்ற அளவு அன்றைக்கு வரம்புக்குள், இன்றைய அளவுகோலில் மீறல். அறிக்கை எழுதுபவர் எந்த அளவுகோலைக் கேட்கிறாரோ அதை வைத்துப் பதில் வர வேண்டும், நிரலுக்குள் 35 என்று எழுதி வைத்தால் வராது. கழிவுநீரும் அப்படித்தான். 2009-ஆம் ஆண்டு தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் ஆலைக்கு ஏ தரம், பிஓடி 20 மி.கி./லி. மற்ற இடத்தில் பி தரம், அதைவிடத் தளர்வான வரம்பு. எந்த ஆலைக்கு எந்தத் தரம் என்பது நிலைய அட்டவணையில் ஒரு கட்டம்.

இத்தனை விதி போட்டபிறகு எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வரும். நடக்கவே முடியாததை மறுக்க வேண்டும்: எதிர்மறைச் செறிவு, ஆற்று நீரில் 14-க்கு மேல் பிஎச், நாளைய தேதியில் இன்றைய சேம்பிள். நடக்க வாய்ப்புக் குறைந்ததை மறுக்கக்கூடாது, கொடி மட்டும் போட வேண்டும். காற்று மாசுக் குறியீட்டில் 300-க்கு மேலே போனாலே அபாயம். 500-க்கு மேல் வந்தால் கருவிக் கோளாறு என்று யாராவது விதி போட்டிருந்தால், 2013 ஜூன் புகைமூட்டத்தில் மூவாரில் குறியீடு 700-ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்த நாளின் எண்களே தரவுத்தளத்துக்குள் வந்திருக்காது. கண்காணிப்பு என்பதே அந்த மாதிரி நாளுக்காகத்தான். எங்கள் அட்டவணையில் சந்தேகக் கொடி ஏறிய வரி அழியாது. ஒருவர் பார்த்து, காரணம் எழுதி, ஏற்கவோ ஒதுக்கவோ செய்வார். லேப் பிறகு திருத்திய முடிவு அனுப்பினாலும் பழைய எண்மேல் புதியதை எழுத முடியாது. பழையது வரலாற்று அட்டவணைக்குப் போகும், யார் எப்போது மாற்றினார் என்பதோடு. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வழக்கு என்று வந்தால் இந்த வரலாறுதான் நிற்கும்.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை, இதில் படிவம் இல்லை. அக்செஸில் அரை மணியில் ஒரு பதிவுப் படிவம் செய்துவிடலாம். போஸ்ட்கிரெஸ் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். தட்டச்சு செய்ய, சரிபார்க்க எல்லாவற்றுக்கும் தனியாக ஒன்று கட்ட வேண்டும் அல்லது தேட வேண்டும். களத்துக்கு கியூஃபீல்ட் என்ற கைப்பேசிச் செயலியை வைத்துச் சமாளிக்கிறோம், அளவீட்டு வரைபடங்களுக்கு கிராஃபானா என்ற மென்பொருள். ஆனால் லேப் அனுப்பும் பிடிஎஃப் முடிவுகளை ஏற்றுவதற்கு இன்னும் வசதியான வழி அமையவில்லை. கணினி பழகாதவர்கள் மட்டும் இருக்கும் அலுவலகத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்தது ஒருவராவது எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மொழியைக் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்தது, செக் விதி இன்னோர் அட்டவணையை எட்டிப் பார்க்காது. பாராமீட்டர் அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் குறைந்த அளவு, அதிக அளவு என்று எழுதி வைத்தால், முடிவுகள் அட்டவணையின் செக் அதைப் படிக்க முடியாது. அதற்கு டிரிகர், அதாவது வரி ஏறும்போது தானாக ஓடும் சிறு நிரல், எழுத வேண்டும். எழுதினோம், ஓடுகிறது. ஆனால் புதிதாக வருபவருக்கு அதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இன்னொன்று நன்றாக மறைந்திருக்கும் பள்ளம். ஒரே நிலையம், ஒரே நேரம், ஒரே ஆழம், ஒரே பாராமீட்டர் இரண்டு தடவை ஏறக்கூடாது என்று யூனிக் விதி போடுவோம். ஆழம் எழுதாத மேற்பரப்பு சேம்பிள்களில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். போஸ்ட்கிரெஸ் ஒரு காலியும் இன்னொரு காலியும் சமம் என்று வழக்கமாக ஏற்பதில்லை. அதனால் ஒரே கோப்பை இரண்டு தடவை ஏற்றினால் இரண்டும் உள்ளே போய்விடும், விதி வாயே திறக்காது. 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பில்தான் காலிகளைச் சமமாகக் கருதச் சொல்லும் வசதி வந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் 15-க்குக் கீழே போக வேண்டாம். வருடம் ஒரு பெரிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருடம் ஆதரவு. பெரிய பதிப்பு மாறும்போது தானாக மாறாது, நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய வேலை அது.

கோப்புகளை மொத்தமாக ஏற்றும் காப்பி கட்டளை மின்னல் வேகம். ஆனால் ஆயிரம் வரியில் ஒரு வரி பிசகினாலும் வழக்கமாக மொத்தத்தையும் தள்ளிவிடும். இதைக் குறை என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். முதலில் எல்லாக் கட்டமும் வெறும் எழுத்தாக இருக்கும் இடைக்கால அட்டவணையில் இறக்கி, அங்கே பிசகிய வரிகளைப் பார்த்துவிட்டு, நல்லதை மட்டும் உள்ளே நகர்த்துவது எங்கள் வழக்கம். பிசகிய வரிகள் நிறைய சொல்லித்தரும். ஒரே லாகரிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் அந்த லாகரின் பேட்டரியைப் போய்ப் பார்க்க வேண்டிய நேரம்.

எதிர்பாராமல் கிடைத்த நல்லது ஒன்று, குறிப்புக் கட்டம். எங்கள் களப்பணி அண்ணன் வருடக்கணக்காகப் படிவத்தின் ஓரத்தில் தமிழில் எழுதுவார். பழைய மென்பொருளில் தமிழ் ஏறினால் கேள்விக்குறிகளாக மாறும், அதனால் யாரும் ஏற்றவில்லை. போஸ்ட்கிரெஸில் தமிழ், மலாய், சீனம் எல்லாம் அப்படியே உட்காரும். "தண்ணி கறுப்பா இருந்துச்சு, டீசல் வாடை, மீன் மேல வந்து வாயத் தொறக்குது." இந்த ஒரு வரி பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் எண்ணை நம்பலாமா வேண்டாமா என்று எனக்குச் சொல்லிவிடும். 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து சொல் தேடலில் தமிழ்ச் சொற்களின் வேர் பிரிக்கும் வசதிகூட இருக்கிறது. பேச்சுத் தமிழுக்கு அது அவ்வளவாக உதவவில்லை, நாங்கள் "டீசல்" என்று நேராகத் தேடுகிறோம். ஒரு நிலையத்தின் வரைபடத்தில் பள்ளம் விழுந்த நாட்களையும் அண்ணன் "வாடை" என்று எழுதிய நாட்களையும் பக்கத்தில் வைத்து முதல் தடவை காட்டியபோது, "நான் அப்பவே எழுதி வச்சேனேம்மா" என்றார். எழுதித்தான் வைத்திருந்தார். படிக்கத்தான் யாருக்கும் வழியில்லாமல் இருந்தது.

செலவு? மென்பொருளுக்கு ஒரு காசு இல்லை. 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தில் வேர்விட்டது இது. இன்றைக்கு எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை, நாளைக்கு உரிமக் கட்டணம் ஏறும் என்ற பயமும் இல்லை. ஒரு கணினி, தடையில்லா மின்சாரத்துக்கு ஒரு யுபிஎஸ், இரண்டு வெளி வட்டுகள் வாங்கினோம். தினமும் இரவு முழுத் தரவும் ஒரு கோப்பாக இறங்குகிறது. 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கில் கீழ்த்தளங்கள் எப்படி இருந்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, ஒரு வட்டு மாடியிலும் இன்னொன்று தீவில் வேறொரு கட்டடத்திலும் இருக்கிறது. அந்தக் கோப்பை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, நிலையத்துக்கு நிலையம் வரிகளை எண்ணிச் சரிபார்க்கும் வேலையைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். எண்ணிக்கை ஒத்துவந்தால்தான் அந்த மாதத்து அறிக்கை என் மேசைக்கு வரும்.